ஆளில்லாத வீட்டில் ஒரு மின்விசிறி

ஜூலை 13, ஞாயிறு

திருப்பூர் வீடு இன்று காலி. குடியிருந்த கட்டிங் மாஸ்டர் சண்முகவடிவேல் குடும்பத்தோடு பல்லடம் போகிறார். ஆடி பிறப்பதற்குள் புது வீட்டில் பால் காய்ச்ச வேண்டுமாம். பத்தரை மணிக்கு வண்டி ஏற்றி முடித்தார்கள். பின் அறையில் பனியன் துணி வெட்டிய கழிவு பதினாறு மூட்டை நிற்கிறது. "ஆடி கழிச்சு எடுத்துக்கறனுங்க சார், இப்ப வேஸ்ட்டு வாங்க ஆளில்ல" என்றார். சரி என்றேன்.

சாவியைத் துளசிமணியிடம் கொடுத்தேன். எதிர் லைன் வீட்டில் குடியிருப்பவள், பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. கணவன் இல்லை. மகள் ஈரோட்டில் விடுதியில் தங்கி நர்சிங் படிக்கிறாள். சாவி கொடுத்த நேரத்தை அவள் எதிரிலேயே டைரியில் குறித்தேன்.

"எல்லாத்தயும் எழுதுவீங்களா சார்?"

"எல்லாத்தையும்."

"நாஞ் சொல்றதுமுங்களா?"

"நீ சொல்றதும்தான்."

சிரித்தாள். அப்ப இனிமே பாத்துத்தான் பேசோணும் என்றாள்.

பகல் பஸ்ஸில் கோவை திரும்பினேன். சூலூரில் நல்ல நெரிசல்.

ஜூலை 14, திங்கள்

புரோக்கர் தங்கராசுக்கு ஃபோன். "ஆடியில எவனுங்க குடி வருவான்? ஆவணி பொறக்கட்டும், ஆள் கொண்டாறேன்." கடவுளே வந்தாலும் ஆடியில் அட்வான்ஸ் தரமாட்டார் என்று ஒரு நகைச்சுவை வேறு.

ஜூலை 16, புதன்

பீரோவில் இருந்து வீட்டு பாலிசியை எடுத்துப் படித்தேன். படிக்கத் தேவையில்லை, மனப்பாடம். காப்பீட்டுக் கம்பெனியில் நஷ்ட ஈட்டுப் பிரிவில் முப்பத்துமூன்று ஆண்டு இருந்தவன். கட்டடம் தொடர்ந்து முப்பது நாளுக்கு மேல் ஆளில்லாமல் இருந்தால், கம்பெனிக்குத் தெரிவித்து ஒப்புதல் வாங்கியிருந்தால் ஒழிய, காப்பு கிடையாது. ஆகஸ்ட் 12-ல் முப்பது நாள் முடிகிறது. ஆவணி பிறப்பது 17-ல். இடையில் ஐந்து நாள்.

எழுதிக் கேட்கலாம். எழுதினால் ஆள் வந்து பார்ப்பார்கள், மூட்டைகளைப் பார்ப்பார்கள், அப்புறம் ஒன்று கூடுதல் பிரீமியம், இல்லை மறுப்பு. அந்தக் கடிதங்கள் எந்த மேசைக்கு வரும், அங்கே என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும். அது என் மேசை.

ஓய்வுப் பணம் முழுவதும் அந்த வீட்டில்தான் இருக்கிறது. வேறு சேமிப்பு இல்லை.

ஜூலை 20, ஞாயிறு

திருப்பூர். பழைய மேசை மின்விசிறி, ஜங்ஷன் பாக்ஸ், அறுபது வாட் குண்டு பல்பு ஒன்று கொண்டுபோனேன். பின் அறையில் மட்டும்தான் ப்ளக் பாயின்ட் வேலை செய்கிறது. மூட்டைகளைக் கொஞ்சம் தள்ளி, ஸ்டூல் போட்டு வைத்தேன்.

துளசிமணி காலை ஷிஃப்டுக்குப் போகும்போது இரண்டையும் போட வேண்டும். இரவு வந்ததும் அணைக்க வேண்டும். இரண்டு மாதத்துக்கு நூறு யூனிட்டுக்குள் நிற்கும். நூறு வரை கட்டணமே இல்லை. நஷ்ட ஈட்டுப் பிரிவில் முதலில் கேட்பது மின் அட்டையைத்தான். பொள்ளாச்சியில் ஒரு அம்மாள், ஓட்டு வீடு, சரிந்து விழுந்தது. மகள் வீட்டில் இரண்டு மாதம் இருந்துவிட்டு வந்தவள். மின் அட்டையில் சைபர் யூனிட். ஒரே வரியில் ஃபைலை மூடினேன். மேலதிகாரி பாராட்டினார்.

"ஆளே இல்லாத ஊட்டுல ஆருக்குங்க காத்து?" என்று துளசிமணி கேட்டாள்.

"வீடு புழங்கினால்தான் நல்லா இருக்கும்."

"அதுக்கு வெளக்கு வெச்சாப் பத்தாதுங்களா?"

வேலைக்குப் பதிலாக வீட்டுக் குழாயில் குடிதண்ணீர் பிடித்துக்கொள்ளலாம் என்றேன். அவர்கள் லைன் வீட்டுக்குப் பன்னிரண்டு நாளைக்கு ஒருமுறைதான் தண்ணீர் வருகிறது. முகம் மலர்ந்துவிட்டது. வாடகை ஒப்பந்தப் பத்திரம் தயாராக எடுத்துப் போயிருந்தேன். குடியிருப்பவர்: துளசிமணி. தேதி ஜூலை 14. பேருக்கு ஒரு கையெழுத்து, மின்வாரியத்தில் கேட்டால் காட்ட என்றேன். படிக்காமல் போட்டாள். கையெழுத்து அழகாக இருக்கிறது. எட்டாவது வரை படித்தவளாம்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பெருக்கு. மனைவி பத்மாவதி எலுமிச்சை, தேங்காய், புளி மூன்று வகைச் சாதம் செய்தாள். இடுப்பு வலியோடு செய்ய வேண்டாம் என்றால் கேட்பதில்லை.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

முப்பது நாள் முடிந்தது.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

ஆவணி பிறந்து ஒரு வாரம். தங்கராசு ஒருவரையும் கொண்டுவரவில்லை. ஆர்டர் இல்லை, கம்பெனிகளில் வாரம் நாலு நாள்தான் வேலை, இருக்கிறவர்களே ஊருக்குப் போகிறார்கள் என்கிறான். சண்முகவடிவேலும் மூட்டைகளை எடுக்கவில்லை. ஒருவிதத்தில் நல்லது. சாமான் இருந்தால் ஆள் இருக்கிற வீடு போலத்தான்.

செப்டம்பர் 9, செவ்வாய்

பல் மருத்துவர். இடது கீழ்க்கடைவாய்ப் பல் எடுத்தாயிற்று. கஞ்சி.

செப்டம்பர் 16, செவ்வாய்

காலை 7.50. துளசிமணி ஃபோன். ஃபேனில் இருந்து ரப்பர் கருகுகிற வாசம் வருகிறதாம். ஜங்ஷன் பாக்ஸ் தொட்டால் சுடுகிறதாம்.

"நிறுத்திப் போடட்டுங்களா சார்?"

மின் கணக்கெடுக்க 26-ம் தேதி வருவார்கள். பத்து நாள். பழைய ஃபேன் அப்படித்தான் வாசம் வரும், ஓடட்டும் என்றேன்.

"மூட்டைக்குப் பக்கத்துல இருக்குதுங்க."

"கொஞ்சம் தள்ளி வை."

சரிங்க என்றாள்.

பத்மாவதி பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "ஏனுங்க, ஒரு எட்டுப் போய்ப் பாத்துட்டு வந்துருங்களேன்" என்றாள். ஞாயிற்றுக்கிழமை போகலாம் என்றேன்.

செப்டம்பர் 21, ஞாயிறு

மகன் மாதவன் பேரனோடு பெங்களூரில் இருந்து வந்திருந்தான். போக முடியவில்லை.

செப்டம்பர் 24, புதன்

மதியம் 2.40-க்குத் தீ. எனக்குத் தகவல் 3.05-க்கு. நான் போய்ச் சேர்ந்தபோது ஐந்து. தீயணைப்பு வண்டி புறப்பட்டுக்கொண்டிருந்தது. உயிர்ச்சேதம் இல்லை. பின் அறையில் கூரைக் கான்கிரீட் பெயர்ந்து கம்பி தெரிகிறது. நடு அறைச் சுவர் இரண்டும் வெடித்துவிட்டன. கதவு, ஜன்னல் எதுவும் மிச்சமில்லை. மீட்டர் வாசல் சுவரில் இருப்பதால் தப்பியது. 86 யூனிட்.

துளசிமணி ஷிஃப்டில் இருந்து ஓடிவந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் அழுதாள். "நாந்தான் சார் காலைல போட்டுட்டுப் போனேன். எங்கையாலதான் போட்டேன்." தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. அழாதே என்றேன். ஃபேனைப் பற்றி யாரிடமாவது சொன்னாயா என்று கேட்டேன். இல்லை என்றாள். சொல்ல வேண்டாம் என்றேன்.

செப்டம்பர் 25, வியாழன்

கம்பெனிக்குத் தகவல் கொடுத்தேன். போலீஸ் ரசீது, தீயணைப்புச் சான்றுக்கு மனு, படங்கள் பன்னிரண்டு. பத்மாவதி இன்று பேசவில்லை. இடுப்பு வலி கூடியிருக்கலாம்.

செப்டம்பர் 29, திங்கள்

நஷ்டத்தை மதிப்பிடக் கம்பெனி அனுப்பிய சர்வேயர் வந்து பார்த்தார். ஜெபராஜ். பதினெட்டு ஆண்டுக்கு முன் புதிதாகச் சேர்ந்து, ரிப்போர்ட் எப்படி எழுதுவது என்று என் மேசைக்கு எதிரில் நின்று கேட்டவன். இப்போது நரைத்துவிட்டது. காலணியைக் கழற்றிவிட்டுக் கரிக்குள் போனான், என் வீடு என்பதால்.

அவன் வருமுன் துளசிமணியிடம் பேசினேன். "கேட்டா, வாடகைக்கு இருக்கேன்னு சொல்லு."

"பொய் சொல்லோணுங்களா?"

"பத்திரத்துல கையெழுத்துப் போட்டிருக்கேல்ல? அப்புறம் எப்படிம்மா பொய்?"

யோசித்தாள். "மூட்டை ஆருதுன்னு கேட்டா?"

"வீட்டுக்குள்ள இருக்கறது குடியிருக்கறவங்களுதுதான்."

அவன் கேட்டான். அவள் அப்படியே சொன்னாள். ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை. அவன் எழுதியதில் கையெழுத்தும் போட்டாள்.

ஜெபராஜ் பின் அறையில் கருகிக் கிடந்த ஃபேனைப் படம் எடுத்துவிட்டு, சமையலறையில் அதிக நேரம் நின்றான். குச்சியால் சாம்பலைக் கிளறினான். "சார், அடுப்படியில ஒரு கரண்டிகூடக் கிடக்கலையே."

"ஷிஃப்டு போறவ. கேன்டீன்ல சாப்பிடுவா."

"தண்ணிக் குடம்?"

"பிளாஸ்டிக்."

என்னை நிமிர்ந்து பார்த்தான். பிறகு பத்திரத்தையும் மீட்டர் படத்தையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துக் கிளிப் போட்டான். "பேப்பர்ல இருந்தா இருக்கு, இல்லன்னா இல்ல. நீங்க சொல்லிக்குடுத்ததுதான சார்."

காபி வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனான்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. துளசிமணி பஸ் ஏறி வந்து ஒரு டப்பா அதிரசம் கொடுத்துவிட்டுப் போனாள். வீடு போன துக்கத்தில் நாங்கள் பலகாரம் செய்திருக்க மாட்டோம் என்று நினைத்தாளாம். பத்மாவதி அவளைச் சாப்பிட வைத்துத்தான் அனுப்பினாள். அதிரசம் கொஞ்சம் கெட்டி.

நவம்பர் 5, புதன்

நஷ்ட ஈடு ஒப்புதலாகிவிட்டது. ஜெபராஜ் அறிக்கையின் நகலைப் பார்த்தேன். தீப்பிடிக்கக் கூடிய துணிக் கழிவைக் குடியிருப்பவர் அறைக்குள் சேர்த்து வைத்ததும், மின்விசிறியை ஓடவிட்டு வெளியே சென்றதும் காரணம். உரிமையாளர் பக்கம் குறை எதுவும் இல்லை.

கிளை அலுவலகத்தில் மூன்று கையெழுத்து. மூன்றாவது, நஷ்டத்துக்குக் காரணமானவரிடம் வசூலிக்க எனக்கிருக்கும் உரிமையைக் கம்பெனிக்கு மாற்றிக் கொடுக்கும் கடிதம். வழக்கமானது. என் காலத்தில் ஆண்டுக்கு நாற்பது கடிதமாவது வாங்கியிருப்பேன். பெரும்பாலும் ஃபைலோடு கிடந்து மக்கிப்போகும்.

பெரும்பாலும்.

திரும்பும் வழியில் அரைக் கிலோ கேரட், பீன்ஸ்.

நவம்பர் 19, புதன்

மேஸ்திரி திருப்பூரில் வேலை தொடங்கினார். முதலில் பின் அறைக் கூரை. குழாயை உடைத்துவிட்டார்கள், கடைசியில்தான் போடுவார்களாம். துளசிமணி காலிக் குடத்தோடு வந்து நின்று, விசாரித்துவிட்டுப் போனதாக மேஸ்திரி சொன்னார்.

டிசம்பர் 22, திங்கள்

காலை பதினொன்றுக்குத் துளசிமணி வந்தாள். லீவு போட்டிருக்கிறாள். கையில் பழுப்பு உறை, பதிவுத் தபால். "இங்கிலீசுல இருக்குதுங்க. மகளுக்கு ஃபோன்ல போட்டோ அனுப்புனேன், பயந்துட்டா. நீங்க படிச்சுச் சொன்னீங்கன்னாத் தெம்பா இருக்கும்."

வக்கீல் நோட்டீஸ், கம்பெனி சார்பில். எனக்குக் கொடுத்த தொகை முழுவதையும் அறுபது நாளுக்குள் அவள் கட்ட வேண்டும். தவறினால் வழக்கு. நடை நன்றாக இருந்தது. இரண்டாம் பத்தி நான் சர்வீஸில் எழுதிக்கொடுத்த மாதிரியேதான், ஒரு கமாகூட மாறவில்லை.

இரண்டு முறை படித்தேன். அவள் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தீ விபத்துன்னா இப்படி ஒண்ணு எல்லாருக்கும் அனுப்புவாங்க. நான் பேசறேன்" என்றேன்.

"அப்பிடீங்களா?" மூச்சு விட்டாள். "பதினொரு லட்சம்னு மக சொன்னாளுங்க. நாங்கூட உங்களுக்குக் குடுத்த காசக் கணக்குக் காட்டியிருக்காங்களோன்னு நெனச்சேன்."

பத்மாவதி மோர் கொண்டுவந்து அவளிடம் கொடுத்துவிட்டு என் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள்.

அவள் போனபின் ஜெபராஜுக்கு ஃபோன் செய்தேன். "வசூல் தனிப் பிரிவு சார். எங்கிட்ட இல்ல. உங்களுக்குத் தெரியாததா?" பிறகு, "கரண்டி இல்லையேன்னு அன்னிக்கே கேட்டேன்ல சார்" என்றான்.

டிசம்பர் 24, புதன்

மோட்டாரில் சத்தம். ஆள் வந்து பேரிங் மாற்றினான்.

டிசம்பர் 28, ஞாயிறு

துளசிமணி மறுபடி வந்தாள். மகளும் கூட. ஒல்லியான பெண், கண்ணாடி போட்டவள். உள்ளே வந்து உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. பத்மாவதி கொடுத்த மோரைத் துளசிமணி மட்டும் வாங்கிக் குடித்தாள்.

இலவசச் சட்ட உதவி மையத்தில் ஒரு வக்கீலம்மாவைப் பார்த்திருக்கிறார்கள். நோட்டீஸ் எல்லோருக்கும் வருவது அல்ல என்று அவர் சொல்லியிருக்கிறார். தாராபுரத்துக்குப் பக்கத்தில் துளசிமணியின் அப்பா அவள் பேரில் எழுதிவைத்த மூன்று சென்ட் இடம் இருக்கிறது. தீர்ப்பானால் முதலில் கை வைப்பது அதில்தானாம். மகள் கல்யாணத்துக்கு என்று வைத்திருந்தது.

துளசிமணி என்னைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

"வக்கீலம்மா கேட்டாங்க சார், ஃபேன் கருகுதுன்னு முன்னாடியே ஆருகிட்டயாச்சும் சொன்னீங்களான்னு. எங்க சாருகிட்டச் சொன்னனே, ஓடட்டும்னாருன்னேன். ஃபோன் பண்ணுனது மட்டுந்தான் கணக்குல இருக்கும், பேசுனது இருக்காது, வேற எழுத்துல ஏதாச்சும் இருக்குதான்னாங்க. எனக்குச் சட்டுனு நெனப்பு வந்துது." முகம் அன்று தண்ணீர் பிடித்துக்கொள்ளலாம் என்றபோது மலர்ந்ததுபோல மலர்ந்தது. "நீங்கதான் எல்லாத்தயும் எழுதுவீங்களே! நாஞ் சொல்றதயுமே எழுதுவேன்னீங்களே. அந்த ஒரு தாள மட்டும் காட்டுனீங்கன்னாப் போதுமுங்க சார். அன்னிக்குச் செவ்வாக்கெழமை."

டைரி மேசைமேல்தான் இருந்தது. அதன்மேல் என் கண்ணாடி.

அந்தத் தாளைக் கொடுத்தால் ஃபேன் ஏன் ஓடியது என்று கேட்பார்கள். ஏன் ஓடியது என்றால் யார் குடியிருந்தார்கள் என்று கேட்பார்கள். கொடுத்ததைத் திருப்பிக் கேட்பார்கள். அதில் பாதி இப்போது கம்பியும் சிமென்டுமாகத் திருப்பூரில் நிற்கிறது. பொய்ப் பத்திரத்துக்குத் தனி வழக்கு. எனக்கு அறுபத்தாறு வயது.

டைரியை எடுத்தேன். செப்டம்பர் பக்கம் திருப்பினேன். அவர்கள் நின்ற இடத்தில் இருந்து எழுத்து தெரியாது. ஒன்பதாம் தேதி, பல் மருத்துவர். பதினாறாம் தேதியைப் பார்த்தேன். மூடினேன்.

"பல் எடுத்த வாரம். அன்னிக்கு எதுவும் எழுதலை."

மகள், "நாங்க பாக்கலாமா சார்?" என்றாள்.

துளசிமணி அவள் கையைப் பிடித்து இழுத்தாள். "சும்மா இரு கண்ணு. சார் பாத்துட்டுத்தான சொல்றாரு?" என்னிடம் திரும்பினாள். நெற்றியில் விரலை வைத்து யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள். "அப்ப நாஞ் சொல்லலயாட்ட இருக்குதுங்க. சொல்லோணும்னு ஃபோன் போட்டுட்டு, ஷிஃப்டு அவசரத்துல உட்டுப்போட்டனோ என்னவோ. சொல்லியிருந்தா நீங்க எழுதாம இருக்கமாட்டீங்க."

படியிறங்கும்போது மகள் மட்டும் திரும்பிப் பார்த்தாள்.

பத்மாவதி சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். "அன்னிக்கு நான் பக்கத்துலதான் கீரை ஆஞ்சுட்டிருந்தேன்" என்றாள். பிறகு துளசிமணி குடித்த டம்ளரைக் கழுவப் போனாள். கழுவும் சத்தம் நெடுநேரம் கேட்டது.

டிசம்பர் 31, புதன்

ஆண்டு முடிகிறது. புது டைரி வாங்கியாயிற்று. பழையவை முப்பத்தொன்றும் ஹால் அலமாரியில் வரிசையாக இருக்கின்றன. யார் வந்தாலும் எடுத்துக் காட்டுவது வழக்கம். இது முப்பத்திரண்டாவது. இதை மட்டும் பீரோவில் வைக்கிறேன். பதினாறாம் தேதித் தாளைக் கிழித்துவிடலாம் என்று காலையில் பிளேடு எடுத்தேன். முப்பத்திரண்டு ஆண்டில் ஒரு தாள் கிழித்ததில்லை. கிழிக்கவில்லை. அதில் எனக்கு ஒரு நிம்மதி இருந்தது என்பதையும் எழுதிவைக்கிறேன்.

மேஸ்திரி ஃபோன். தை பிறந்ததும் குடி வைக்கலாம் என்கிறார். மார்கழியில் யாரும் வரமாட்டார்கள். காலியாக இருக்கும் நாட்களைக் கம்பெனிக்கு எழுதித் தெரிவித்துவிட்டேன். பதிவுத் தபால், ஒப்புகை அட்டையுடன்.

மாலை ஆறு மணிக்குப் பத்மாவதி பீரோச் சாவி கேட்டாள். எதற்கு என்றேன். பட்டுப்புடவை எடுக்க வேண்டும் என்றாள்.

மார்கழியில் யார் வீட்டில் கல்யாணம்?

நானே எடுத்துத் தருகிறேன் என்றேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கையை நீட்டியபடியே நின்றாள்.